தங்கக்கொண்டை, ரெண்டு

— அழி அதை.

— எதை?

— இப்போ எழுதினியே ஓரின், அதை. "தங்கக்கொண்டை, ரெண்டு." ரப்பர் உன் பென்சில் பின்னாடியே ஒட்டியிருக்கு. அழி.

— ஏன் அழிக்கணும்? ரெண்டு கூவுச்சு, ரெண்டு எழுதினேன். அதோ அந்த ஸ்ப்ரூஸ் மரத்து உச்சியில. நீயே தலையைத் திருப்பிப் பார்த்தே.

— நான் வேணும்னுதான் திருப்பினேன்.

— என்னது?

— காலையில பீவர் கட்டின அணைகிட்ட நிக்கும்போது காட்டு ஈ ஒண்ணு கழுத்துல கடிச்சுது. வெடுக்குனு திரும்பினேன். நீ உடனே பென்சிலை நாக்குல தொட்டுகிட்டு "தங்கக்கொண்டை, மூணு"ன்னு எழுதினே. ஈ கடிச்சதுக்கு மூணு குருவி! சிரிப்பை அடக்கிட்டு வந்தேன். இங்க வந்ததும் சோதிச்சுப் பார்ப்போம்னு சும்மா தலையைச் சாய்ச்சேன். ரெண்டு எழுதிட்டே.

— சரி போ. ஈயும் கடிச்சிருக்கும், குருவியும் கூவியிருக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கக் கூடாதுன்னு சட்டமா?

— கூவலை.

— கூவுச்சு, டெல்ஃபீன்.

— உனக்குக் காது போச்சு. ஒத்துக்க.

— போகலை. இப்போ ஒரு அண்டங்காக்கை கத்துச்சு. மலைக்கு அந்தப் பக்கம். கேட்டேன்.

— அண்டங்காக்கை! அது கத்தினா கல்லறையில இருக்கிறவனுக்கும் கேக்கும். நான் சொல்றது ஊசி மாதிரி மெல்லிசா இருக்கிற சத்தம். தங்கக்கொண்டை, மரமேறிக் குருவி, அந்த மாதிரி. உன் வீட்டுல புகை வந்தா கத்தற அலாரம் பேட்டரி தீர்ந்துபோய் எத்தனை மாசமா கீச்சு கீச்சுன்னு கத்திட்டிருக்கு, தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு வந்த நம்ம நொயெல் ராத்திரி பூரா தூங்கலை. தலையணையைக் காதுல அமுக்கிட்டுப் படுத்திருந்தாளாம். நீ காலையில எழுந்து வந்து, "இந்த வீட்டுல என்ன ஒரு அமைதி, பாரு"ன்னியாம்.

— ஓ, அம்மாவும் பொண்ணும் அதெல்லாம் பேசுவீங்களோ. என்கிட்டயும் பேசினாளே. உன் வீட்டு விசில் கெட்டில் எங்கே போச்சு? மூணு தடவை அடி கருகி, நீயே குப்பையில போட்டுட்டு, "தொலைஞ்சுடுச்சு"ன்னு சொன்னியாமே.

— அது வேற. நான் தோட்டத்துல இருந்தேன்.

— பிப்ரவரியில தோட்டம். நாலடி பனியில.

— பேச்சை மாத்தாதே. அழி.

— எனக்கு ஒண்ணும் புரியாம இல்லே. இன்னிக்கு சாயங்காலம் சர்ச் கீழ் அறையில எல்லாரும் குருவிக் கணக்கைக் கொடுக்கணும். அடுத்த வாரம் ஊர்க்காரங்க அதைப் பார்த்துத்தான் சதுப்போரத்துக் காட்டை இந்தக் குளிர்காலம் வெட்டலாமா வேண்டாமான்னு முடிவெடுக்கப் போறாங்க. இதுவரைக்கும் வெட்டினதைத் தாங்கிட்டு தங்கக்கொண்டை இன்னும் இருந்தா மேல வெட்டலாம். போயிடுச்சுன்னா வெட்டக் கூடாது. போன தடவை மேட்டுக்காட்டை வெட்டற கூட்டத்துல நீ தோத்தே. அதனால இந்தத் தடவை குருவியையே இல்லேன்னு ஆக்கப் பார்க்கறே.

— நான் பொய்க்கணக்கு எழுதச் சொல்றேன்னு சொல்றியா?

— சொல்றேன்னு இல்லே, சொல்லிட்டேன்.

— முப்பது வருஷம் ரம்பத்தோட குடித்தனம் நடத்தினவன்கிட்ட நான் வேற என்ன எதிர்பார்க்கிறது. மரம்னு சொன்னா உனக்குப் பலகைதான் தெரியும்.

— பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுது, டெல்ஃபீன். வகுப்புல வாளி வெச்சிருக்காங்க. காடு ஊர் சொத்து. ஊர் மரத்தை வெட்டி ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கூரை போடறது பாவமா? நான் யாரையும் ஏமாத்தலை. கணக்கு சொன்னுது, குருவி அப்படியே இருக்குன்னு. அதைத்தான் கூட்டத்துல எழுந்து சொன்னேன்.

— அந்தக் கணக்கு! வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில உன் மூஞ்சியைப் பார்க்கிறதுக்குன்னே எனக்கு ஒரு கணக்கு.

— எனக்கு மட்டும் ஆசையா? வீட்டைப் பிரிச்சோம். படகைப் பிரிச்சோம். உங்கம்மா கொடுத்த கரண்டியைக் கூட எண்ணிப் பிரிச்சே. இந்தச் சதுப்பை மட்டும் விட்டுக் கொடுத்தியா? வேற ஆளோட வர்றேன்னு நான் சொன்னப்போ என்ன சொன்னே? "இந்தப் பலகைப்பாதையை எனக்குக் காட்டிக் கொடுத்தது எங்கப்பா. நீ வேணும்னா வேற சதுப்பு பார்த்துக்க"ன்னே.

— நீயும் விடலையே.

— நான் ஏன் விடணும்? இங்கே ஒவ்வொரு பலகையும் நான் அறுத்தது. உங்கப்பா வழி காட்டினாரு, நான் பலகை போட்டேன்.

— அதோ, அதோ! உன் டோனட்டு!

— ஏய்! போ! திருட்டுப் பறவை. இந்தச் சாம்பல் ஜேக்களுக்கு வெக்கமே கிடையாது. கையிலேருந்து பிடுங்கிட்டுப் போகுது பாரு.

— அதுக்காவது பசி. சரி, அழிக்கப் போறியா, இல்லியா?

— மாட்டேன். விதி என்ன? ஒருத்தர் கேட்டா கணக்குல சேராது. ரெண்டு பேரும் கேட்டாத்தான் எழுதலாம். அதேமாதிரி, ஒருத்தர் சொன்னா அழிக்கவும் முடியாது. நான் கேட்டேன். நீயும் திரும்பினே. முடிஞ்சுது.

— ஓரின், என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. இப்போ, இந்த மரத்துல, நீ கேட்டியா?

— எந்தப் பக்கத்துக் கண்ணைப் பார்க்கிறது? நீ தொப்பியை இவ்வளவு கீழே இழுத்து விட்டுட்டு நின்னா.

— சொல்லுன்னா.

— சரி போ. கேக்கலை.

— ஆங்!

— கேக்கலை. எத்தனை வருஷமா கேக்கலைன்னு கூட எனக்குச் சரியாத் தெரியலை. ஏழு இருக்கும், எட்டு இருக்கும். ரம்பம் தின்னுடுச்சு. போதுமா? சந்தோஷமா? வேணும்னா சாயங்காலம் சர்ச் சாப்பாட்டுல பீன்ஸ் பரிமாறும்போது எல்லார் முன்னாடியும் சொல்லு.

— சொல்லாம விடுவேனா.

— சொல்லு. ஆனா முழுசா சொல்லு. எனக்குக் கேக்கலைதான். அதுக்காக நான் ஒரு குருவியைக் கூட கற்பனை பண்ணி எழுதலை. உன்னைப் பார்த்துத்தான் எழுதினேன். நீ தலையைச் சாய்ச்சா தங்கக்கொண்டை. புருவத்தைத் தூக்கினா மரமேறி. கல்யாணம் ஆன நாள்லேருந்து உன் மூஞ்சியைப் படிச்சவன் நான். நீ பேசாம இருந்தே என்னைத் திட்டறது எனக்குப் புரியும். ஒரு குருவி புரியாதா? அந்தக் கணக்கு பூரா உன் காதோட கணக்கு. உன் காது எப்பவும் நல்ல காது. அதனால கணக்கு நிஜம். என்ன, பாதி கையெழுத்து பொய். அவ்வளவுதானே? எவ்வளவு நாள் காத்திருந்தே என்னை இப்படிப் பிடிக்க. பிடிச்சுட்டே. சிரி.

— என்னைப் பார்த்தா எழுதினே?

— அதைத்தானே சொல்றேன்.

— எல்லா வருஷமுமா? மேட்டுக்காடு வெட்டறதுக்கு முன்னாடியுமா?

— ஆமா. அதுக்கென்ன இப்போ? இருந்த குருவிதானே. நீ கேட்ட குருவி.

— கடவுளே.

— டெல்ஃபீன். பலகை வழுக்குது, ஓரமா நிக்காதே. எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. நீ சும்மா தலையைச் சாய்ச்சேன்னு சொன்னே. சரி. ஆனா அதே நேரத்துல நிஜமாவே ஒண்ணு கூவியிருந்தா? கூவலைன்னு அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றே? ஆகஸ்ட் மாசம், காத்து வேற அடிக்குது, உச்சியில இலைக்குள்ள ஒரு கட்டைவிரல் அளவுக் குருவி. நல்ல காது உள்ளவங்களே தயங்குவாங்க. நீ தயங்கவே இல்லே. காலையிலேருந்து "எதுவும் இல்லே, எதுவும் இல்லே"ங்கறே.

— ஏன்னா எதுவும் இல்லே.

— எப்படித் தெரியும்?

— தொப்பியைத் தூக்கறேன். சிரிச்சே, உன்னைத் தண்ணியில தள்ளிடுவேன். பார்த்தியா?

— என்ன அது? காதுக்குள்ள?

— மெஷின். காதுக்கு எட்டாத கீச்சுச் சத்தத்தைப் பிடிச்சு, சுருதியைக் கீழே இறக்கிக் காதுல போடும். மே மாசம் வாங்கினேன்.

— காது மெஷினா? உனக்கா?

— சிரிக்காதேன்னேன்.

— சிரிக்கலை. எனக்குச் சிரிப்பு வரலை.

— ஜூலையில நொயெல் வீட்டுக்குப் போயிருந்தப்போ, பின்னாடி ஸ்ப்ரூஸ் தோப்புல இதைப் போட்டுட்டு நின்னேன். தங்கக்கொண்டை, ஓரின். ஒண்ணு ரெண்டு இல்லே, கூட்டமா. ஊசி ஊசியா இறங்குச்சு. நொயெல் பயந்துட்டா, ஏம்மா அழறேன்னு. அதனால மெஷின் வேலை செய்யுது. அதுல சந்தேகம் இல்லே. இன்னிக்கு விடியும்போது இங்க காலை வெச்சதுலேருந்து காத்திருக்கேன். அணையில இல்லே. குளத்தோரம் இல்லே. இங்கேயும் இல்லே. உன் பென்சில் கீறறது கேக்குது, உன் மூக்கு விசிலடிக்கிறது கேக்குது. குருவி இல்லே.

— அப்போ மே மாசத்துக்கு முன்னாடி? போன வருஷம் ஆகஸ்ட்டுல? அதுக்கு முந்தின வருஷம்? நீ தலையைச் சாய்ச்சே. நான் பார்த்தேன். எதைக் கேட்டு சாய்ச்சே?

— உன் பென்சிலை.

— என்ன?

— நீ பென்சிலை எடுத்து நாக்குல தொடுவே. ஓகோ, ஏதோ கேட்டுடுச்சு இவனுக்குன்னு நினைச்சுப்பேன். நாலு மைல் தூரத்துல மரம் விழுந்தாலும் எந்த மரம்னு சொல்றவன் ஆச்சே. எனக்கு மட்டும் கேக்கலைன்னு காட்டிக்கக் கூடாதுன்னு உடனே தலையைச் சாய்ப்பேன்.

— நான் பென்சிலை எடுத்ததே நீ சாய்ச்சதாலதானே!

— அதுதான் சொல்றேன்.

— இரு. இரு. நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தே. மரத்தை யாரு பார்த்தது?

— கத்தாதே. எனக்கு இப்போ நல்லா காது கேக்குது.

— அதைக் குடு.

— எதை?

— மெஷினை. கழட்டிக் குடு. உன் பேச்சை நம்பி நான் எதையும் அழிக்க மாட்டேன்.

— அழுக்குக் கையால தொடாதே. இந்தா. உள்ளே தள்ளி, மெல்லத் திருகு. முரட்டுத்தனமா பண்ணாதே, அது கோடாலி இல்லே.

— இரு... ஐயோ. இது என்ன சத்தம்?

— கொசு.

— கொசு இப்படியா பாடும்? அது?

— டாமராக் மரம், காத்துல இலை உரசுது. பேசாம நில்லு. கேளு.

— ...

— ஓரின்?

— ...

— அந்தப் பக்கமும் திரும்பிக் கேளு.

— இல்லே.

— காலையிலேருந்து இப்படித்தான்.

— ஒண்ணு கூட இல்லே, டெல்ஃபீன்.

— இப்போ அழிப்பியா?

— அழிச்சேன். காலையில எழுதின மூணையும்தான். பார். பூஜ்யம். உன் கையெழுத்தும் வேணும்... போட்டுட்டியா. சாயங்காலம் இதைக் கொடுத்தா முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? "போன வருஷம் பதினேழு, இந்த வருஷம் பூஜ்யமா? ஒரே வருஷத்துல எங்கே போச்சு?"ன்னு கேப்பாங்க.

— கேப்பாங்க.

— ரெண்டு செவிடு வந்து கணக்கு கொடுத்துட்டிருந்துச்சுன்னு சொல்லாம சதுப்போரத்துக் காட்டைக் காப்பாத்த முடியாது. நீ சொல்லணும். நானும் சொல்லணும்.

— தெரியும்.

— நான் சொல்லிடுவேன். என்னை ஏற்கெனவே ஊர் மரமண்டைன்னுதான் சொல்லுது. ஆனா உன்னை நினைச்சாத்தான் எனக்கு மனசு ஆறலை. மேட்டுக்காட்டுக் கூட்டம் ஞாபகம் இருக்கா? மார்ச் மாசம், சேறும் சகதியுமா. ஊர்ல பாதிப் பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்து நின்னே. தொண்டை கட்டற வரைக்கும் பேசினே. கடைசியில கூட்டத் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "சாலையோரக் காட்டை வெட்டின பிறகும் தங்கக்கொண்டை இருக்கா?" நான் எழுந்து இருக்குன்னேன். ஒருத்தர் சொன்னா கணக்குல சேராது. அதனால உன் பக்கம் திரும்பினாங்க.

— நிறுத்து.

— நீ "கேட்டேன்"னே. வெட்டக் கூடாதுன்னு சொல்றவளே குருவி இருக்குன்னு சொல்றாளேன்னு, அத்தனை பேரும் உன்னை நம்பித்தான் வெட்டலாம்னு கையைத் தூக்கினாங்க. என்னை நம்பி இல்லே. அந்த இடத்துல, "எனக்குக் கேக்கலை"ன்னு ஒரே வார்த்தை. மேட்டுக்காடு இன்னிக்கு நின்னிருக்கும். உங்கப்பா நடந்த காடு. ஏன் சொல்லலை?

— மெஷினைக் குடு.

— ஏன் சொல்லலை, டெல்ஃபீன்?

— நீ முதல் வரிசையில உக்காந்திருந்தே, ஓரின். உன் எதிர்ல நின்னு எனக்குக் காது போச்சுன்னு சொல்றதுக்குப் பதிலா, காடு போனாப் போகட்டும்னு இருந்துட்டேன்.