தேருக்குப் பின்னால் ஊர்ந்த ஹைபிரிட்

— எக்சலேட்டர்ல இருந்து காலை எடுங்க மாமா! பிரேக்கை மிதிங்க!

— மேட்டுல பிரேக்கா? அடி ஷாமிலா, தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுன காலு இது. மேட்டுல நிப்பாட்டணும்னா எக்சலேட்டரை லேசா அமுக்கி அப்படியே அந்தரத்துல நிறுத்துவான் இந்த நல்லமுத்து. பாரு, அசையுதா?

— அசையல. அதான் பயமா இருக்கு. உள்ள கிளச்சு வேகுது.

— இதுல ஏது தாயி கிளச்சு? பெடலே ரெண்டுதான். இது ஓட்டோ கியர் வண்டி.

— பெடல்தான் இல்ல. கிளச்சு ரெண்டு இருக்கு. ஒத்தப்படை கியருக்கு ஒண்ணு, ரெட்டப்படைக்கு ஒண்ணு. வேகமாப் போறப்ப ஒண்ணு விட்டதும் மத்தது பிடிச்சுக்கும், சொகமாப் போகும். இப்படி ஊர்ந்தா முழுசாப் பிடிக்க முடியாம அரைகுறையா உரசிக்கிட்டே கெடக்கும். நீங்க மேட்டுல நிறுத்தி வித்தை காட்டுறப்ப இன்னும் மோசம்.

— யாரு சொன்னா இதெல்லாம்?

— ஹட்டன் கராஜ்ல காசு மேசையில உக்காந்திருக்கேன்ல? இப்படி மேட்டுல நின்ன வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு அங்கதானே வர்றாங்க.

— கல்யாணத்தன்னைக்குமா கராஜ் பேச்சு? முன்னால பாரு, தேரு நகருது! அம்மனே வழி காட்டிட்டுப் போறா.

— அவ போற வேகத்துக்குப் போனா முகூர்த்தம் முடிஞ்சிரும். ஐயோ, மறுபடி நிப்பாட்டிட்டாங்களே!

— லயத்துக்கு லயம், வீட்டு வரிசைக்கு வரிசை நின்னு அர்ச்சனை பண்ணணும், தேங்கா ஒடைக்கணும். நம்ம தோட்டத்துத் திருவிழான்னா நீ விட்டுக்குடுப்பியா? சரி சரி, எடுத்துட்டாங்க. இந்தா போறோம்… என்னாடி இது, டக்கு டக்குன்னு குலுக்குது?

— ஒண்ணாவதுக்கும் ரெண்டாவதுக்கும் மாறி மாறித் தடுமாறுது. எதுல போறதுன்னு அதுக்கே தெரியல.

— உங்கப்பன் மாதிரி. ரெண்டு யூனியன்லயும் காலை வச்சிக்கிட்டு எதுக்கும் போகாம நிப்பானே!

— சிரிக்க வைக்காதீங்க, மை கலையுது. மாமா, வண்டிக்குள்ள யாரோ பேசுறாங்க.

— ஜப்பான்காரி. ஜப்பான்ல இருந்து வந்த வண்டில்ல, அந்தப் பாஷையிலதான் பேசும். சாவி குடுக்குறப்பவே வண்டிக்காரன் இக்னேசியஸ் சொன்னான், அவ என்னமோ கார்டு போடச் சொல்லுவா, கண்டுக்காதீங்கன்னு. சரிம்மா, சரிம்மா, அப்புறம் போடுறேன்.

— கார்டு இல்ல மாமா! மீட்டர்ல அந்தப் படத்தைப் பாருங்க, பல்லுச்சக்கரம் மினுங்குது. கியர்ப்பொட்டி கொதிக்குது! வாசம் வரல உங்களுக்கு?

— தேர்ல இருந்து வர்ற சாம்பிராணி அது.

— சாம்பிராணியா? கிளச்சு கருகுற நாத்தம்!

— அட… மிதிக்கிறேன், உறுமுது, ஆனா இழுக்கலையே! ஷாமிலா! பின்னால வழுக்குது!

— பிரேக்! பிரேக்! ஆங்… கையை எடுங்க, நானே பார்க்கிங்ல போடுறேன். ஹேண்ட் பிரேக்கையும் இழுங்க. ஆறட்டும். தொடாதீங்க.

— உன் போன் அடிக்குது. யாரு?

— மாப்பிள்ளையோட அம்மா. ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் கேளுங்க.

— எங்க இருக்கீங்க எல்லாரும்? என் மகன் மணவறையில உக்காந்து எம்புட்டு நேரமாச்சு! ஐயரு கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருக்காரு. நேரந் தவறுச்சுன்னா நாங்க எழும்பிப் போயிருவோம், ஆமா!

— அத்தை, தேருக்குப் பின்னால மாட்டிக்கிட்டோம். அவருகிட்ட கொஞ்சம் குடுங்களேன்.

— பட்டு வேட்டியில பாக்கெட்டா இருக்கு? அவன் போனும் என் கையிலதான். மந்திரம் சொல்லிக்கிட்டிருக்கான், குழப்பாத.

— வச்சிட்டாங்க மாமா.

— மேளச் சத்தம் கேட்டுச்சே. அங்க எல்லாம் ரெடி போல.

— எழும்பிப் போயிட்டா நான் என்ன செய்வேன்? சுகந்தனைத் தவிர யாரையும் கட்ட மாட்டேன்னு வீட்டுல பட்டினி கெடந்து வாங்கின நாளு மாமா இது!

— அழுவாத புள்ள. நடந்து போயிருவோமா?

— ஹட்டனுக்கா? இந்தப் பொடவையோட? இருங்க… படம் அணைஞ்சிருச்சு! ஆறிருச்சு! எறங்குங்க, நான் ஓட்டுறேன்.

— கூறப்பொடவையில ஸ்டியரிங் புடிக்கிறதா? ஊரு சிரிக்கும்!

— ஊரு சிரிச்சா சிரிக்கட்டும், அத்தை எழும்பக்கூடாது. லைசன்ஸ் இருக்கு எனக்கு. கேளுங்க, தேரு நல்லாத் தள்ளிப் போகட்டும். அதுவரைக்கும் நான் பிரேக்கை அழுத்திப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். வழி கெடச்சதும் நடுவுல நிக்காம ஒரே மூச்சுல போயிரணும். அப்பத்தான் கிளச்சு முழுசாப் பிடிக்கும்.

— முன்னால எடம் விட்டா த்ரீவீல்காரன் மூக்கை நுழைப்பான்டி!

— அதுக்குத்தான் நீங்க. எறங்கி மறிங்க!

— மறிக்கிறேன்! ஏய் த்ரீவீல், எங்க போற? மல்லி, பொட்டக் இன்ன! கொஞ்சம் பொறு தம்பி, உள்ள இருக்கது கல்யாணப் பொண்ணு! ஹோர்ன் அடிக்காத, காது இருக்கு எனக்கு!

— தேரு எங்க மாமா?

— வளைவு தாண்டிருச்சு! எடு தாயி, எடு!

— எடுத்துட்டேன்! குலுக்கவே இல்ல மாமா! பாருங்க, ரெண்டாவது விழுந்தது தெரியவே இல்ல! ஏறுங்க!

— நிப்பாட்டாத, நிப்பாட்டாத! ஓடியே வாறேன்! அடி என் ராசாத்தி, கொழுந்து லொறிய உங்கிட்ட குடுத்திருக்கணும்டி!

— ஐயோ! தேரு நிக்குது. என்ன ஆச்சு?

— சக்கரம் ரோட்டோரத் தண்ணிக் கானுல எறங்கிருச்சு! நீ பிரேக்கை அழுத்திப் புடி, நான் கேக்குறேன். ஏப்பா, கயிறு புடிக்கிறவங்களே! கொஞ்சம் ஒதுங்குனீங்கன்னா ஒரு காரு போயிரும்! இந்தா, முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற தம்பி! உன்னைத்தான்! ஒரு பொண்ணோட வாழ்க்கை நிக்குதுப்பா இங்க!

— என் வாழ்க்கையும் இங்கதாங்க நிக்குது. எங்க வேன் அம்மாவோட அந்தா பஸ்ஸுக்குப் பின்னால கெடக்கு. கயித்தை இழுத்தாவது தேரை நகத்துவோம்னு வந்தேன், பட்டு வேட்டியெல்லாம் சேறாப் போச்சு… ஷாமி? நீயா? நீ ஏன் ஸ்டியரிங்ல உக்காந்திருக்க?

— நீங்க மணவறையில உக்காந்து மந்திரம் சொல்லிக்கிட்டிருக்கீங்கன்னு உங்கம்மா இப்பத்தானே போன்ல சொன்னாங்க!