வில்ஃப் சாரி சொல்லக் கூடாது

— அந்தக் கடைசிக் கட்டத்துல டிக் பண்ணாதே டோரின். அது வெட்டிச் செலவு.

— எது வெட்டி? வக்கீல் வெட்டியா?

— வக்கீலை நான் ஒண்ணும் சொல்லல. நமக்கு எதுக்கு வக்கீல்னு கேக்கறேன். ஆயுசு பூரா பஸ் ஓட்டினவன் நான். ஒரு பூனைக்குட்டி மேல ஏத்தினதில்ல.

— நீ ஏத்த மாட்டே வில்ஃப். ஊருதான் உன் மேல ஏத்தும். நீ கொஞ்சம் தள்ளிப் படுத்து வசதி பண்ணிக் கொடுப்பே.

— காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா. டீ கொஞ்சம் ஊத்தேன்.

— கெட்டில் உன் முழங்கைக்குப் பக்கத்துலதான் இருக்கு, ஊத்திக்கோ. எனக்கும் ஊத்து. இந்தா பாரு, கார் இன்சூரன்ஸ் இன்னிக்கு ராத்திரியோட முடியுது. உக்காந்து ஒரு வழியா எல்லாக் கட்டமும் முடிச்சிட்டேன். கண்ணாடி உடைஞ்சா வேண்டாம், சாவி தொலைஞ்சா வேண்டாம்னு போட்டாச்சு. இந்த வக்கீல் ஒண்ணுதான் பாக்கி. வருஷத்துக்குக் கூடுதலா முப்பது பவுண்டு.

— முப்பது பவுண்டுக்கு நாம ரெண்டு பேரும் கடலைப் பாத்துக்கிட்டு மீனும் சிப்ஸும் தின்னலாம். பட்டாணி மசியலும் சேத்து.

— போன வருஷம் என்னத்தைத் தின்னோம்? ஞாபகம் இருக்கா? கார் பட்டறையில கிடந்தது, நான் சீப்பையும் கத்தரிக்கோலையும் மடியில வச்சுக்கிட்டு இதே நாற்காலியில கிடந்தேன். வீடு வீடாப் போய் முடி வெட்டுறவளுக்குக் கார் இல்லேன்னா கை இல்லாத மாதிரி.

— பஸ்ஸுல போயிருக்கலாம். நல்ல பஸ்ஸு ஓடுது நம்ம ஊருல.

— முடி காய வைக்கிற மெஷினைத் தலையில கவுத்துக்கிட்டா? என் கிழவிங்கள்ல பாதிப் பேரு அந்த ரோஸ் வேன் கிளெண்டாகிட்ட ஓடிட்டாங்க. இன்னும் திரும்பி வரல.

— கிளெண்டாவுக்கு ஒழுங்கா வெட்டவே வராதே.

— அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கிழவிங்களுக்குத்தான் கண்ணு சரியாத் தெரியல. இப்பத்தான் தாக்ரே அம்மா மனசு வச்சிருக்காங்க. இன்னிக்கு மத்தியானம் அவங்க கல்யாணப் பொன்விழா. அம்மா, அக்கா தங்கச்சிங்க, மருமகளுங்க, எல்லாத் தலையும் என் கையில. அது நல்லா அமைஞ்சா அந்தத் தெருவே திரும்பி வரும்.

— வரும் வரும். நீ தொட்டா அமையாம என்ன. ஆனா அதுக்கும் வக்கீலுக்கும் என்ன சம்பந்தம்? அதான் இன்சூரன்ஸ் இருக்கே.

— இன்சூரன்ஸ்காரன் காரைத்தான் சரி பண்ணிக் கொடுத்தான். அந்தச் செலவுலயும் முதல் பங்கு நம்ம கைக்காசு. நான் வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி யாரு கொடுப்பா? அதையெல்லாம் இடிச்சவன்கிட்டதான் கேட்டு வாங்கணும். கேக்கறதுக்கு வக்கீல் வேணும், வக்கீலுக்குக் காசு வேணும். அந்தக் காசுக்குத்தான் இந்தக் கட்டம். பஸ் டிரைவருக்குப் புரியற மாதிரி சொல்லிட்டேனா?

— வீட்டு இன்சூரன்ஸ்ல ஒரு வக்கீல் இருக்காரே. நம்பர்கூட பிரிட்ஜுல ஒட்டியிருக்கு.

— அவரு வேலிச் சண்டைக்கு. காருக்கு வர மாட்டாரு. போன் போட்டுக் கேட்டுட்டேன்.

— பஸ் யூனியன்ல கேட்டா?

— நீ ரிட்டையர் ஆன அன்னிக்கே உன் கையில ஒரு கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிட்டாங்க.

— நல்ல கடிகாரம்.

— ஓடுதா?

— ஓடல.

— என்னிக்காவது ஓடிச்சா?

— எங்க. பெட்டியைத் திறந்தப்பவே நின்னுதான் கிடந்தது.

— போய்ச் சொன்னியா?

— எப்படி டோரின் சொல்றது. ஆசையா கொடுத்திருக்காங்க.

— இதுக்குத்தான், இதுக்குத்தான் சொல்றேன் உனக்கு வக்கீல் வேணும்னு. சரி, போன வருஷம் நடந்ததைச் சொல்லு. எனக்காக ஒரு தரம்.

— இன்னும் எத்தனை தரம் கேப்பே.

— எனக்கு ஆத்திரம் ஆறற வரைக்கும். சொல்லு.

— சிக்னல்ல சிவப்பு விழுந்தது. நின்னேன். பின்னாடி ஒருத்தன் சிப்ஸ் தின்னுக்கிட்டே வந்து இடிச்சான்.

— நீ நின்னுகிட்டு இருந்தே.

— நின்னுகிட்டுத்தான் இருந்தேன்.

— நீ இறங்கிப் போய் அவன்கிட்ட என்ன சொன்னே?

— சாரின்னேன்.

— ஒரு தரமா?

— அவன் மடியெல்லாம் சிப்ஸ் கொட்டிக் கிடந்தது டோரின். வினிகர் வேற. பாக்கவே பாவமா இருந்தது.

— அந்தப் பாவம் வீட்டுக்குப் போய் இன்சூரன்ஸுக்கு என்ன எழுதிச்சு? முன்னாடி நின்ன கார் பின்னால உருண்டு வந்துச்சு, அவரே இறங்கி வந்து மன்னிப்பும் கேட்டாருன்னு எழுதிச்சு. நம்ம கம்பெனியிலேருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, நீங்க சாரி சொன்னது உண்மையான்னு கேட்டா. நீ என்ன சொன்னே?

— ஆமான்னேன். பொய் சொல்ல முடியுமா?

— வெறும் ஆமாவா?

— 'சாரிம்மா, ஆமா'ன்னேன்.

— தப்பு ஆளுக்குப் பாதின்னு முடிச்சுட்டாங்க. துணிக்கடையில பொம்மைகிட்ட சாரி சொல்ற மனுஷனைக் கட்டிக்கிட்டா இப்படித்தான்.

— அந்தப் பொம்மை அசல் ஆளு மாதிரியே நின்னுச்சு.

— அதுக்குத் தலையே இல்ல வில்ஃப்.

— சரி விடு. அந்தக் கம்ப்யூட்டரை இந்தப் பக்கம் திருப்பு. என் கண்ணாடி எங்க? ஆங், மூக்குலதான் இருக்கு. இந்த வக்கீல் சமாச்சாரத்தை ஒரு தரம் முழுசாப் படிக்கிறேன். முப்பது பவுண்டு கொடுக்கறதுன்னா படிச்சுட்டுக் கொடுப்போம்.

— படி. நல்லாப் படி.

— டோரின்.

— என்ன?

— கீழ பொடி எழுத்துல போட்டிருக்கான். ஜெயிக்கிறதுக்குப் பாதிக்கு மேல வாய்ப்பு இருந்தாத்தான் வழக்கை எடுப்பாங்களாம். இல்லேன்னா எடுக்க மாட்டாங்களாம்.

— அதனால?

— நான் சாரி சொல்லிட்டேன்னு வை, வாய்ப்பு எங்க இருக்கு? வக்கீலே ஓடிடுவான். நான் சாரி சொல்றேன்னுதானே நீ இதை வாங்கச் சொல்றே? சாரி சொல்றவனுக்கு இது பிரயோஜனமே இல்ல. எப்படி? மீனும் சிப்ஸும் போகலாமா?

— இரு. யோசிக்க விடு.

— யோசி. நான் இன்னொரு டீ ஊத்திக்கறேன்.

— டீயைக் கீழ வை. அப்போ ரிப்பேர் பண்ண வேண்டியது உன் வாயை. எந்திரி. அந்த ஸ்டூலை இழுத்துப் போடு. அதுதான் உன் கார், ஏறி உக்காரு.

— எதுக்கு?

— நான் பின்னாடியிலேருந்து வந்து உன்னை இடிக்கப் போறேன். இடிச்சாச்சு. இறங்கி வந்து பேசு.

— அடி ஏதும் படலையே?

— அது கேக்கலாம். மனுஷத்தன்மை. அதோட நிறுத்திக்கோ.

— சாரி, நான் திடீர்னு நிறுத்திட்டேனோ?

— போச்சு. ஏறு மறுபடியும்.

— முட்டி வலிக்குது.

— எனக்குப் போன வருஷம் பூரா வலிச்சுது. ஏறு. இடிச்சாச்சு.

— அடி ஏதும் படலையே? உங்க பேரு, வண்டி நம்பர், இன்சூரன்ஸ் கம்பெனி, மூணும் சொல்லுங்க. சாரி, அவசரப்படுத்தறதா நினைச்சுக்காதீங்க.

— நாசமாப் போச்சு.

— இது வேற சாரி டோரின். சும்மா மரியாதைக்கு வந்தது.

— வக்கீலுக்கு எல்லா சாரியும் ஒண்ணுதான். நாக்கைக் கடிச்சுக்கோ. இந்தத் தடவை நான் அழுவேன், பாத்துக்கோ. 'ஐயா, நான் கவனிக்கலைங்க, வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல்.'

— ஐயையோ, எப்பலேருந்து?

— வில்ஃப்.

— பிள்ளைக்குக் காய்ச்சல்னா விசாரிக்கறது தப்பா?

— தப்பு. நீ டாக்டர் இல்ல. நீ இடிபட்டவன். என் பிழைப்பு அந்தக் காருலதான் இருக்கு. எதிர்ல நிக்கிறவ அழுதாலும் சிரிச்சாலும் உனக்கு மூணே வார்த்தைதான்: பேரு, நம்பர், கம்பெனி. முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கோ. கண்ணைப் பாக்காதே, கண்ணைப் பாத்தா உருகிடுவே. காதைப் பாரு.

— காதையா?

— காது யாருக்கும் அழாது. ஏறு.

— சரி. ஏறிட்டேன். இடி.

— இடிச்சாச்சு. 'ஐயா, மன்னிச்சுக்குங்க ஐயா, நான் பாக்கவே இல்லைங்க.'

— அடி ஏதும் படலையே? பேரு. வண்டி நம்பர். இன்சூரன்ஸ் கம்பெனி. மீதியை அவங்க பேசிப்பாங்க.

— 'ஐயா, பிள்ளைக்குக் காய்ச்சலுங்க.'

— மீதியை அவங்க பேசிப்பாங்க.

— அடேயப்பா. யாரு இந்த ஆளு? எனக்கே இவனைப் பிடிக்கல.

— எனக்கும் இவனைப் பிடிக்கல.

— பிடிக்க வேண்டாம். ரோட்டுல மட்டும் இவன் வரட்டும், வீட்டுக்குப் பழைய ஆளு வந்தாப் போதும். டிக் பண்றேன். வக்கீலையும் சேத்துப் பணம் கட்டியாச்சு. முடிஞ்சுது. இனிமே எவன் வேணும்னாலும் இடிக்கட்டும்.

— அப்படியெல்லாம் சொல்லாதே.

— சொன்னா என்ன ஆயிடும்... என்ன சத்தம் அது?

— வாசல்லதான் கேட்டுது. இரு, ஜன்னல்ல பாக்கறேன். டோரின், நம்ம கார். ஒரு வெள்ளைக் கார் ரிவர்ஸ்ல வந்து நம்ம கார் மூஞ்சியில இடிச்சிருக்கு. விளக்கு நொறுங்கிப் போச்சு. முன்சக்கரம் கோணிக்கிட்டு நிக்குது.

— நம்ம கார் நின்னுகிட்டுத்தானே இருந்துது?

— நேத்து சாயங்காலத்துலேருந்து அங்கேயேதான் நிக்குது. ஓரமா, ஒழுங்கா.

— உள்ள ஆளே இல்லாத கார். இதுக்கு மேல என்ன வேணும். வில்ஃப், நல்லா கேட்டுக்கோ. இப்ப வாங்கின வக்கீல் ராத்திரிக்கு மேலதான் வருவான். இன்னிக்கு உனக்கு உன் வாய்தான் வக்கீல்.

— மத்தியானம் தாக்ரே அம்மா வீட்டுக்கு எப்படிப் போவே?

— டாக்ஸியில மெஷினை ஏத்திக்கிட்டுப் போறேன். அந்தக் காசு, நாளைக்கு எனக்கு வேற கார், எல்லாத்தையும் இடிச்சவன் கொடுப்பான். நீ மட்டும் சொதப்பாம இருந்தா. ஒரு பொண்ணு வந்து தட்டறா பாரு. போ. நான் உன் பின்னாடியே நிக்கறேன்.

— பேரு, நம்பர், கம்பெனி.

— காதைப் பாரு.

— ஐயா, வணக்கங்க. வெளிய நிக்கிற நீலக் கார் உங்களோடதுங்களா?

— எங்களோடதுதான். அடி ஏதும் படலையே?

— எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நான்தான் இடிச்சுட்டேங்க. பக்கத்து வீட்டு பெல் ஐயாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துட்டு வெளிய வந்தேன். அடுத்த வீட்டுக்கு நேரமாயிடுச்சேன்னு அவசரமா எடுத்தேன்.

— உங்க பேரு.

— கெய்லிங்க. கெய்லி ஓட்ஸ். வீடு வீடாப் போய் வயசானவங்களைக் கவனிச்சுக்கிற வேலை. சேர்ந்து இதுதான் முதல் வாரம். இது கம்பெனி கார்.

— வண்டி நம்பர்.

— எழுதித் தர்றேங்க. ஐயா, நான் இல்லேன்னு சொல்லலைங்க. பின்னாடி இரும்பு பம்பர்ங்கறதால என் காருக்கு ஒரு கீறல்கூட இல்ல, உங்க பெயிண்டுதான் கொஞ்சம் ஒட்டியிருக்கு. ஆனா விஷயம் கம்பெனிக்குப் போச்சுன்னா வேலை போயிடுங்க. முதல் மாசத்துல எதை இடிச்சாலும் சாவியை வாங்கிக்குவோம்னு எழுதி வாங்கியிருக்காங்க. பஸ்ஸுல போய் இந்த வேலையைப் பாக்க முடியாதுங்க.

— இன்சூரன்ஸ் கம்பெனி.

— ஐயா?

— இன்சூரன்ஸ் கம்பெனி பேரு. மீதியை அவங்க பேசிப்பாங்க.

— சரிங்க. போன்ல இருக்குங்க, பாத்துச் சொல்றேன். கொஞ்சம் இருங்க, போன் பூட்டிக்கிச்சு. நம்பர் அழுத்த வரல.

— பரவாயில்ல. நிதானமாப் பாருங்க.

— எங்க மேனேஜர்கிட்ட நீங்களே பேசறீங்களா ஐயா? நான் பேசினா அழுதுடுவேன்.

— பேசறேன். நம்பரைக் கொடுங்க. டோரின், ஏன் முதுகுல இடிக்கிறே? நான் சரியாத்தான் பேசிக்கிட்டு இருக்கேன். ஒரு சாரிகூட சொல்லல.

— தெரியுது. தள்ளு.

— காதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— தள்ளு வில்ஃப். சாரிம்மா கண்ணு, இந்த மனுஷன் இப்படிப் பேசறவரே இல்ல, காலையிலேருந்து ஸ்டூல்ல உக்கார வச்சு நான்தான் இவரைக் கெடுத்துட்டேன். போனை உள்ள வை, யாருக்கும் பேச வேண்டாம், அந்தக் கார் எங்க பாடு.