மொட்டை மாடியில் வெயில் காய்ந்த பொதி

என் முழுப்பெயர் ஞானசேகரம் கீர்த்தனி. வயது பதினாறு. திருகோணமலை லிங்கநகரில் பெற்றோருடன் வசிக்கிறேன். தரம் பதினொன்றில் படிக்கிறேன். இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுத அனுமதி கேட்டேன். உத்தியோகத்தர் அனுமதித்து, இடையில் அவர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களையும் அந்தந்த இடத்திலேயே எழுதும்படி சொன்னார். நான் பராயமடையாதவள் என்பதால் என் தந்தை ஞானசேகரம் பாதுகாவலராக எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார். எங்கள் அயல்வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் இன்ஷாப் என்பவரைப் பற்றி இந்தப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தவரும் என் தந்தையே.

இன்ஷாப் அண்ணாவை இன்று பின்னேரம் நீதவான் முன் கொண்டுபோகப் போவதாகவும், அவரிடம் எடுத்த திரவத்தின் பகுப்பாய்வு அறிக்கை வரும்வரை அவரை விடமாட்டார்கள் என்றும் அவருடைய தங்கை சனூஸா காலையில் எங்கள் படலையில் நின்று சொன்னாள். அதன்பின் நான் இங்கு வரவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர், "நானும் வாறன். என்ன சொல்லப் போறாயெண்டு கேப்பம்" என்றார். நான் கண்டதைக் கண்டதாகவும் நினைத்ததை நினைத்ததாகவும் எழுதுகிறேன்.

இன்ஷாப் அண்ணாவும் சனூஸாவும் கிண்ணியாவிலிருந்து வந்து ஒரு வருடமளவில் ஆகிறது. அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் பிளாஸ்டிக் பேசின்களையும் வாளிகளையும் அடுக்கிக் கட்டிக்கொண்டு பாலையூற்று, சாம்பல்தீவுப் பக்கமெல்லாம் போய், பழைய சாமான்களை வாங்கிக்கொண்டு பதிலுக்கு அவற்றைக் கொடுப்பவர். இது எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மற்ற வியாபாரிகள் வாங்கிய எல்லாவற்றையும் அன்றே பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவார்கள். இவர் இரும்பையும் உடைந்த மின்விசிறிகளையும் போட்டுவிட்டு, சில பொருட்களை மட்டும் யூரியாப் பையில் சுற்றி, முட்டைத் தட்டைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேலே போவதை என் படிக்கும் மேசை யன்னலிலிருந்து பலமுறை கண்டேன். அவர்களுடைய அறை யன்னல்களுக்கு உட்பக்கமாகப் பேப்பர் ஒட்டியிருந்தது. இடைக்கிடை தொப்பி போட்ட ஒருவர் வெளியூர்க் காரில் வந்து முற்றத்தில் நின்று தாழ்ந்த குரலில் கதைப்பார். நான் கொடியில் உடுப்பு எடுக்கப் போனால் கதை நின்றுவிடும். அதன்பின் அவர் ஒரு காட்போட் பெட்டியுடன் போவார். இவை நான் கண்டவை. களவுப் பொருட்கள் கைமாறுகின்றன என்பது நான் நினைத்தது.

அதன்பின் வெயில் கடுமையான நாட்களில் புதிதாக ஒன்று தொடங்கியது. மத்தியானத்தில் இன்ஷாப் அண்ணா றப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி, வெள்ளையாக ஏதோ பூசி மெல்லிய பொலித்தீனால் சுற்றிய பொதிகளை வெயிலில் வைப்பார். கொஞ்ச நேரத்துக்கொருமுறை வந்து அவற்றைத் திருப்பி வைப்பார். திருப்பியபின் கையை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்ப்பார். பிறகு கைத்தொலைபேசியைப் பார்ப்பார். அந்த மாடியிலிருந்து உள்துறைமுகமும் அதில் நிற்கும் கப்பல்களும் தெரியும். சீனக்குடாவில் இறங்கும் விமானங்கள் அந்தப் பக்கமாகத்தான் தாழும். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் இலிகிதர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருபவர் என்பதால் அவரும் இதையெல்லாம் கண்டார். ஒருநாள் சாப்பிடும்போது, "கொதிக்கிற வெயிலுக்குள்ள நிண்டு வானத்தைப் பாக்கிறவன், மழை வருமோ எண்டா பாக்கிறான்?" என்று கேட்டார். ஒழுங்கையில் நாய் குரைத்தாலும் அபிப்பிராயம் சொல்லும் அம்மா பேசாமல் சோற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனது எனக்கு அந்தப் பொதிகளைவிடச் சந்தேகமாக இருந்தது.

நூலகத்தில் நான் எடுத்து வாசிக்கும் துப்பறியும் கதைகளில் எல்லோரும் மறைந்து நின்று பார்ப்பார்கள். நேரில் போய்க் கேட்டால் என்ன என்று நினைத்து, கடந்த சனிக்கிழமை, சனூஸா வட்டிலப்பம் போட்டுத் தந்த கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் மேலே போனேன். நான் கதவில் நின்றதும் இன்ஷாப் அண்ணா மேசையில் இருந்ததை உடுக்கும் சாரம் ஒன்றால் மூடினார். பிறகு, "என்ன தங்கச்சி, கோப்பை குடுக்க வந்ததா, பாத்துட்டு வரச்சொல்லி ஒங்கட அப்பா அனுப்பினதா?" என்று கேட்டார். யாரும் அனுப்பவில்லை, ஆனால் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். சனூஸா தன் அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். "நானா, இந்தப் புள்ளைக்குப் பொய் சொல்ல வராது. காட்டுங்க" என்றாள்.

அவர் சாரத்தை எடுத்தார். மேசையில் பச்சை நிறத் தகடுகள், வயர்கள், சிறிய ஆணிகள் போட்ட தயிர்ச்சட்டி, ஈயம் ஒட்டும் கருவி ஆகியவை இருந்தன. நேற்று இந்த நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டவை இவையே. அவை பழைய டிவி கேம்களின் உட்பாகங்கள் என்று அவர் சொன்னார். ஜப்பானிலிருந்து பழைய சாமான் கொள்கலன்களிலும், கப்பலில் வேலை செய்தவர்களின் பெட்டிகளிலும் வந்து, விளையாட ஆளில்லாமல் வீடுகளில் கிடப்பவற்றைத் தேடி எடுத்துத் திருத்துகிறார். அவற்றைச் சேர்ப்பவர்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்களாம். தொப்பிக்காரர் அவர்களில் ஒருவர். அப்படியென்றால் ஏன் இவ்வளவு ஒளிப்பு என்று கேட்டேன். அவர் சொன்னது: "நான் எந்த ஊட்டுலயும் பழைய ரேடியோ இரிக்கா எண்டுதான் கேப்பன். டிவி கேம் எண்டு வாயத் தொறந்தா அடுத்த நாளே நாலு பேரு அதே ரோட்டுல நிப்பானுகள். பொறகு உடைஞ்ச பெட்டிக்கும் தங்க வில சொல்லுவாங்க."

பொதிகளைப் பற்றியும் கேட்டேன். பழைய பிளாஸ்டிக் நாட்பட மஞ்சளாகிவிடும், அதனால் உட்பாகங்களைக் கழற்றிவிட்டு, வெறும் வெளிக்கோதுக்கு, பெண்கள் தலைமயிருக்கு நிறம் போடும்போது பாவிக்கும் வெளுக்கும் கிரீமைப் பூசி, அது காயாதபடி பொலித்தீனால் சுற்றி வெயிலில் வைத்தால் பழைய நிறம் திரும்பும் என்றார். யன்னலில் பேப்பர் ஒட்டியது ஏனென்றால் கிரீம் இல்லாமல் வெயில் பட்டால் அவை இன்னும் மஞ்சளாகுமாம். ஒரே வெயில் மஞ்சளாக்கவும் வெள்ளையாக்கவும் செய்யும் என்பதை நான் நம்பவில்லை. வானத்தைப் பார்ப்பது எதற்கு என்று கேட்டேன். மேகம் பாதியை மறைத்தால் கோது வரி வரியாக வெளுத்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய ஏலாது, அதனால் மழை வருமோ என்று பார்ப்பதாகச் சொன்னார்.

அதன்பின் அடுத்ததாக வெயிலில் வைக்கப்போகும் கோது என்று ஒன்றைக் காட்டினார். சாம்பல் நிறமாக இருந்திருக்க வேண்டியது அவித்த பனங்கிழங்கின் நிறத்தில் இருந்தது. அதைக் கவிழ்த்தபோது அடிப்பக்க இடது மூலையில் வெட்டிய நகம்போன்ற பிறை வடிவில், கறுத்து உருகிய சூட்டு அடையாளம் ஒன்று இருந்தது. அந்த அடையாளம் எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டு டிவி கேம். அப்பாவின் தம்பி யதுர்சன் சித்தப்பா கப்பலில் வேலை செய்த காலத்தில் ஜப்பானில் வாங்கி வந்தது. அவர் பிரான்ஸுக்குப் போனபின், அதை ஒருவரும் தொடக்கூடாது என்று அப்பா சொல்லி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். நான், "இது எங்கட" என்றேன். எனக்கு அப்போது கோபமும் பயமும் இருந்தன, ஏனென்றால் களவு என்று நினைத்தது சரியாகிவிட்டது. இன்ஷாப் அண்ணா கோதைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்கட அம்மாதான் தந்த. நீலப் பேசின் ஒண்டு குடுத்தன். போய்க் கேட்டுப் பாருங்க. உள்ளுக்க இருந்த மீன்பிடிக் கேம் கசெற்றத் தேடி நான் அலைஞ்ச அலைச்சல் ஒங்களுக்கு வெளங்காது" என்றார்.

இந்த இடத்தை நான் எழுதிக்கொண்டிருந்தபோது என் அப்பா தாளை எட்டிப் பார்த்து, "எந்தப் பேசின்?" என்று கேட்டார். உத்தியோகத்தர் பதில் சொல்லும்படியும் அதையும் எழுதும்படியும் சொன்னார். நான், "நீங்கள் ஞாயிற்றுக்கிழமையில மோட்டார் சைக்கிள் கழுவுற நீலப் பேசின், அப்பா" என்றேன். அப்பா எழும்பிக் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து இருந்தார்.

அன்று நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா மறுக்கவில்லை. "அது அலுமாரிக்குள்ள கிடந்து காமாலை வந்த ஆள் மாதிரி மஞ்சளிச்சுப் போய்க் கிடந்தது. உன்ர சித்தப்பாவும் கேக்கேல்ல, கொப்பாவும் திறந்து பாக்கேல்ல. பேசினாவது உதவுது. அவரிட்டச் சொல்லிக் கதை வளர்க்காத" என்றார். அதனால் அப்பாவிடம் சொல்லவில்லை.

இருந்தும் அவர் கிரீம் என்று சொன்ன திரவத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அந்த அறையில் இருந்த போத்தல்களில் பெயர் ஒட்டியிருக்கவில்லை. ஒன்றின் வாயை நான் தொட்டபோது விரல் சுணைத்து, நுனி சுண்ணாம்பு பட்டதுபோல வெளுத்தது. கிரீம் தருபவர் சந்தியில் அழகுக்கலை நிலையம் வைத்திருக்கும் ஜெஸ்மின் அக்கா என்று இன்ஷாப் அண்ணா சொல்லியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமை அங்கு போனேன். அவர் பெரிய பிளாஸ்டிக் கானிலிருந்து கிரீமைப் பழைய ஷம்போ போத்தல்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். மணம் ஒன்றாகவே இருந்தது. அவருடைய விரல் நுனிகளும் என் விரலைப்போலவே வெளுத்திருந்தன. நான் கேட்டபோது, இன்ஷாப் அண்ணாவுக்கும் அதையே கொடுப்பதாக ஒத்துக்கொண்டார். இன்று காலை அவரையும் இங்கு வரும்படி கேட்டேன். "பொலிஸ் எண்டா நான் வரமாட்டன் தங்கச்சி. வந்தா பிறகு ஆர் என்ர கடைப்படி ஏறுவினம்?" என்றார். அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவருடைய கான் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நேற்று மத்தியானம் இன்ஷாப் அண்ணா மாடியில் ஒரேயொரு பொதியை வைத்தார். அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பித் தொலைபேசியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். அதன்பின் பொலிஸார் வந்தார்கள். இன்ஷாப் அண்ணா கையுறையுடனேயே கீழே இறக்கப்பட்டார். ஒழுங்கையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவர் படம் எடுத்தார். ஜீப்பில் ஏறும்போது அவர் பொலிஸாரைப் பார்க்கவில்லை, மாடியைப் பார்த்து, "அத நிழலுக்கு எடுங்க, வெளுத்துப் போயிரும்" என்றார். வெயிலில் கிடந்தால் அது வெடிக்கும் என்று விளங்கிக்கொண்டு, நின்றவர்களின் பயம் இன்னும் கூடியது. மேசையில் இருந்தவையும் போத்தல்களும் எடுத்துச் செல்லப்பட்டன. மாடியில் இருந்த பொதியைத் தொடாமல், சுற்றி மண்மூட்டை அடுக்கி, நாடா கட்டி, கொழும்பிலிருந்து வருபவர்கள்தான் பிரிக்க வேண்டும் என்று விட்டிருக்கிறார்கள். அது இப்போதும் வெயிலில்தான் இருக்கிறது.

அந்தப் பொதியை இதுவரை ஒருவரும் பிரிக்கவில்லை என்று உத்தியோகத்தர் உறுதிப்படுத்தினார். ஆகவே பிரிக்கும் முன்பே இதை எழுதி வைக்கிறேன். உள்ளே இருப்பது வெறும் பிளாஸ்டிக் கோது. அடிப்பக்க இடது மூலையில் நான் மேலே சொன்ன பிறை அடையாளம் இருக்கும். அது எரிந்த இடம் என்பதால் வெளுத்திருக்காது. அடையாளம் இல்லாவிட்டால் நான் சொன்ன வேறு எதையும் நம்ப வேண்டாம்.

அந்த அடையாளம் எப்படி வந்தது என்று உத்தியோகத்தர் கேட்டார். நுளம்பு கடிக்காமல் இரவில் கொளுத்திவைக்கும் சுருள் திரி பட்டு வந்தது. எப்படிப் பட்டது என்பது எனக்கு நேரில் தெரியாது. எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு கதை உண்டு. எரிகிற திரியை அப்பாதான் அதன்மேல் வைத்தார் என்று சித்தப்பா சொல்வார். அதற்காக ஒரு கிழமை அப்பாவுடன் கதைக்காமல் இருந்தாராம். யன்னலில் இருந்த திரியைப் பூனை தட்டி விழுத்தியது என்று அப்பா சொல்வார். எங்கள் வீட்டில் எக்காலத்திலும் பூனை இருந்ததில்லை என்று அம்மா சொல்வார்.

அப்படி ஒரு அடையாளம் உங்கள் தம்பியின் பொருளில் இருந்ததா என்று உத்தியோகத்தர் அப்பாவிடம் கேட்டார். அப்பா, நான் எழுதியதை முதலிலிருந்து தானே வாசிக்க வேண்டும் என்றார். உத்தியோகத்தர் தாள்களைக் கொடுத்தார். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, விரலை வரியில் வைத்து வாசித்தார். முடித்தபின் என்னிடம் பேனாவைக் கேட்டார்.

நான் சொல்ல இருந்தது இவ்வளவே. ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஒருவருக்கும் பயந்து எதையும் விடவில்லை. எழுதியதை நானும் மீண்டும் வாசித்தேன்; அனைத்தும் உண்மை என ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

ஞா. கீர்த்தனி

பாதுகாவலர்: மகள் எழுதியதை வாசித்தேன். மாடியில் இருப்பது என் வீட்டுப் பொருள் என்று இப்போது அறிகிறேன். அதில் உள்ள சூட்டு அடையாளம் எனக்குத் தெரியும். திரியை அதன்மேல் வைத்தது நான். பூனை அல்ல.

பா. ஞானசேகரம்