எந்த மொறைன்னு கேட்டா

கோயிலுக்கு இல்லக்கா, சாவுக்கு. திங்கக்கெயமையும் அதுவுமா மாகறல் பஸ்ல மாலையோட உக்காந்துகினு இருந்தா சிவனுக்குன்னுதான் நெனப்பாங்க. பூக்காரனும் அப்பிடித்தான் கேட்டான். அதுக்கு இன்னாத்துக்கு தள்ளி உக்கார்ற? இன்னும் பொணத்து மேல போடல, புது மாலதான்.

யாருமில்ல, தெரிஞ்சவங்க. சிட்டம்மான்னு. நடவு, களையெடுப்புன்னு கூலிக்குப் போய்க்கினு இருந்தவங்க. மூணு மணிக்கெல்லாம் எடுத்துடுவாங்களாம். இந்த டிரைவர் இன்னா, மாட்டு வண்டி ஓட்டறான்? மூஞ்சப் பாத்துடணும்க்கா நானு. தூக்கிட்டாங்கன்னா அவ்ளோதான், பொம்பளைங்கள சுடுகாட்டுக்கு உட மாட்டாங்க.

சொந்தமா இருந்தா கோடிப் பொடவ எடுத்துனு போவணும் இல்ல? நானும் காலைல கடைல போய் ஒண்ணு எடுத்தேன். பச்ச கலரு. பில்லு போடற எடத்துல, வேணாம்பான்னு வெச்சிட்டு வந்துட்டேன். பொடவையப் போத்தினா நீ யாரு, எந்த மொறைன்னு கேப்பாங்க. மாலைன்னா ஊர்ல யாரு வேணா போடலாம்.

ஏங்க்கா, உங்க வூட்ல கோவம் வந்தா புள்ளைங்கள தவுட்டுக்கு வாங்கனதுன்னு சொல்லுவியா? பாத்தியா, சொல்லுவ. எங்க தெருவுல எல்லா அம்மாவும் சொல்லும். ஒரு மொறம் தவுடு குடுத்து உன்ன வாங்கனேன் பாருன்னு. புள்ளைங்க பல்ல இளிச்சிக்கினு ஓடும். எங்கம்மா மட்டும் ஒரு நாளும் சொன்னதில்ல. நான் பண்ற சேட்டைக்கு வெளக்கமாறு பிஞ்சிடும், அந்த வார்த்த மட்டும் வராது. எனக்கு ஒரே ஏக்கம். ஒரு தபா நானே கேட்டேன், என்ன எத்தினி மொறம் தவுட்டுக்கும்மா வாங்கனன்னு. கரண்டிய அப்பிடியே போட்டுட்டு தோட்டத்துப் பக்கம் பூட்ச்சி. பொய்யா இருந்தா சிரிச்சிருக்கும் இல்ல?

நல்லாத்தான் வளத்துச்சி. கொற சொன்னா என் நாக்கு அயுவிடும். இன்னிக்கி போன் பண்ணி சொன்னதே அதான், சிட்டம்மா பூட்டாங்கடின்னு. நானும் கூட வர்ட்டான்னு கேட்டுச்சி. வேணாம்மா, உன்னப் பாத்தா கெயவிங்க யாராவது கண்டுபுடிச்சிடுவாங்கன்னுட்டேன். இந்நேரம் தனியா அயுதுகினு இருக்கும்.

சிட்டம்மாவ ஒரே ஒரு தபாதான்க்கா பாத்துக்கீறேன். நடவு நடந்துகினு இருந்துச்சி. வரப்புல நின்னு, தண்ணி குடுங்கன்னு கேட்டேன். சேத்துக் கைய கவுவிட்டு வந்து சொம்புல குடுத்தாங்க. நான் குடிச்சி முடிக்கிற வரிக்கும் மூஞ்சியையே பாத்துகினு இருந்தாங்க. சொம்பத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன். நான் யாருன்னு சொல்லியிருக்கலாம்.

எங்க வூட்டுக்காரருக்கும் தெரியாது, பல்லு வலி, டாக்டராண்ட போறேன்னு சொல்லிட்டு வந்தேன். சொல்லிக்க ஒரு ஆளு இல்ல. நீ காஞ்சிபுரம் போறவ, என்ன இனிமே எங்க பாக்கப் போற.

தோ, ஊரு வந்துட்ச்சி. மோளச் சத்தம் கேக்குதா? இன்னும் எடுக்கல. அப்பாடா.

கொஞ்சம் கால நவுத்துக்கா. மாலையப் போட்டுட்டு, பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் கட்டிக்கினு வட்டமா உக்காந்து அயுவாங்க பாரு, அதுல பூந்துடுவேன். அங்க எவ்ளோ அயுதாலும் யாருன்னு கேக்க மாட்டாங்க. சிட்டம்மாவோட பெரிய பொண்ணு தேவயானி பக்கத்துல எடம் கெடைச்சா போதும். அது கயுத்தக் கட்டிக்கினு அயுவணும். அதுக்கு இன்னா தெரியும், பாவம். அடுத்துப் பொறந்த தங்கச்சி பொறந்த அன்னிக்கே செத்துப் பூட்ச்சின்னுதான் அதுகிட்ட சொல்லி வெச்சிக்கீறாங்க.