வராத ஏணிக்கு 'ஏறலாம்' சொல்லாதவருக்கு

ஏறி நின்று பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பாத எங்கள் அன்பு அண்ணனே! முப்பத்தோராண்டு மடக்கு ஏணிப் பிரிவின் முதுகெலும்பாய் நிமிர்ந்து நின்ற பெருந்தகையே! முகம் தெரியாத ஆயிரமாயிரம் பேர் கைப்பேசியில் கண்டு 'ஏறலாம் அண்ணன்' என்று பெயர் வைத்த பெரியவரே! கேமராவுக்கு முன்னும் பின்னும் ஒரே முகம் காட்டிய உத்தமரே! வணக்கம்.

இந்தப் பணி ஓய்வு வாழ்த்து மடல் மாடி அரங்கில், மின்விசிறிக் காற்றில், ஒலிபெருக்கி வைத்து வாசிக்கப்பட வேண்டியது. அரங்கம் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று இங்கே நிற்கிறவர்களுக்குத் தெரியும். மேலே கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கும் தெரியும். ஆகவே சாப்பாட்டு நேரத்தில் துளை போடும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அலுமினியத் தூள் மின்னும் இந்தத் தரையிலேயே உங்களை வாழ்த்துகிறோம். சன்னலுக்குக் கேட்கும்படி சத்தமாகவே வாசிக்கிறோம்.

அண்ணியாரும் மகளும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். வீட்டில் நீங்கள் வாய் திறந்திருக்க மாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் கொஞ்ச நேரம் உங்களை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்துப் பேசுகிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணியாரே, ஆறு வருடத்துக்கு முன் ஏணிகள் விற்காமல் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. இனிக் கடைகடையாய்ப் போய்க் கும்பிட வேண்டாம், இணையத்தில் வீடியோ போட்டால் நேரே வீட்டுக்குள் போய்விடலாம் என்றார் விளம்பர மேலாளர். வெள்ளைச் சட்டை போட்ட நடிகர் ஒருவர் வந்தார். சிரித்துக்கொண்டே மூன்றாம் படி வரை ஏறியவர், "யாராச்சும் கொஞ்சம் பிடிச்சுக்கோங்களேன்" என்றார். பட்டறையே சிரித்தது. வேறு வழியில்லாமல், நாள் முழுக்க ஏறி இறங்குகிற அண்ணனை இழுத்து நிறுத்தினார்கள். 'ஆயுள் முழுக்க ஆடாத ஏணி' என்று சொல்லச் சொல்லி ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள்.

அண்ணன் உச்சிப்படியில் ஏறினார். வழக்கம்போல் கண்ணை மூடினார். இடது காலிலிருந்து வலது காலுக்கு எடையை மாற்றினார். இந்தப் பட்டறையில் சோதனைக்கு இரண்டே சொல்தான்: 'ஏறலாம்', 'இறக்கு'. கேமரா ஓடுவதை மறந்தே போனார் மனிதர். "ஆடுது. இறக்கு" என்று சொல்லிவிட்டு, வெளியே போகக் கூடாது என்பதற்கான சிவப்புக் குறியைப் போட்டார். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி எடுத்தார்கள். ஆனால் அலுவலகத்துத் தங்கை கைதவறி முதலில் எடுத்ததையே இணையத்தில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலைக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். பெயின்டரும் மின்பணியாளரும் கீழே எழுதியதையெல்லாம் தங்கை வாசித்துக் காட்டினாள். 'சொந்தச் சரக்கையே வேண்டாம்னு சொல்ற ஆளு. இவர் ஏறினதைக் கொடுங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். தங்கையை வேலையை விட்டு அனுப்பவிருந்த மேலாளர், சாயங்காலம் அதைத் தன் விற்பனை உத்தி என்று சொல்லிக்கொண்டார். அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "நான் ஏணியைத்தான் பார்த்தேன் சார், உத்தியைப் பார்க்கலை."

அன்றுமுதல் சனிக்கிழமைக்கு ஒரு வீடியோ. அடுக்கிக் கிடந்தவை போய், கேட்ட அளவுக்குச் செய்ய முடியாமல் இரண்டு ஷிப்டு ஓடியது. அண்ணனுக்கோ புகழில் நாட்டம் இல்லை. ஏறப்போகிறவன் எவனோ, அவன் விழும்போது பிடிக்கப் பக்கத்தில் நாம் இருக்கமாட்டோமே என்ற பயம் ஒன்றுதான் ஒவ்வொரு முறையும் அவரை உச்சிப்படி வரை ஏற்றியது.

போன மாதம் மேலாளர் அறைக்கு அழைத்தார். புதிதாக மெல்லிய குழாயில் ஏணி வரப்போகிறது, இருபது வீடியோவை இப்போதே எடுத்துக்கொள்ளலாம், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், ஓய்வுக்குப் பிறகும் ஒரு வருடம் வேலை நீட்டித்துத் தருகிறேன் என்றார்.

"ஏணி எங்க சார்?" என்று கேட்டார் அண்ணன்.

"அது அப்புறம் வரும். நீங்க 'ஏறலாம்'னு சொன்னா போதும்."

"ஏணி என் காலுக்குச் சொல்றதைத்தான் சார் நான் வாயால சொல்றேன். அது வரட்டும், ஏறுறேன். ஆடினா இறக்குதான்."

அப்படியானால் நீட்டிப்பும் கிடையாது, அரங்கமும் கிடையாது என்றார் மேலாளர். ஆறு வருடக் குரல் எங்களிடம் இருக்கிறது, வெட்டி ஒட்டிக்கொள்கிறோம் என்றும் சொன்னார். அண்ணன் படியிறங்கி வந்தார். அன்றைக்கு அவர் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கும். அதன் காரணம் இதுதான் அண்ணியாரே.

அந்தச் சனிக்கிழமை, மெல்லிய குழாயில் முதல் ஏணி வந்தது. ஏறினார். கண்ணை மூடினார். "ஆடுது. இறக்கு" என்றார். பிறகு கேமராவை நேராகப் பார்த்தார். ஆறு வருடத்தில் அப்படிப் பார்த்தது அன்றுதான். "இன்னையோட இந்த வீடியோவை விட்டு நானும் இறங்குறேன். இனிமே என் குரல் எந்த ஏணிக்காவது ஏறலாம்னு சொன்னா, அது பழைய குரல். நம்பி ஏறாதீங்க."

இந்த முறை தங்கை கைதவறி ஏற்றவில்லை. தெரிந்தே ஏற்றினாள். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

எங்கள் அண்ணனே! இப்போது உங்களிடமே திரும்பி வருகிறோம். உங்கள் சிரிப்பையோ சட்டையையோ பார்த்து ஏணி விற்கவில்லை. வேண்டாததை வேண்டாம் என்ற உங்கள் வாய்தான் விற்றது. வாயை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு, அந்த வாய் இந்தப் பட்டறையில் ஒன்றல்ல என்று சொல்லிக்கொள்கிறோம்.

முழங்கால் வலி நீங்கி, மூச்சு சீராகி, அண்ணியாரோடும் மகளோடும் நிறைந்த ஆயுளோடு வாழ்க! உறுதியான தரையில் உங்கள் கால் என்றும் ஊன்றி நிற்க! கண்ணை மூடினால் இனி உறக்கத்துக்காக மட்டும் மூடுக!

உங்களுக்குத் தர எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. இன்று காலை மெல்லிய குழாய் ஏணிகள் நாற்பது, கட்டி அனுப்பச் சொல்லி வந்தன. நாற்பதிலும் ஆளுக்கொன்றாய் ஏறினோம். உங்களைப் போலவே கண்ணை மூடினோம், எடையை மாற்றினோம். சுவரோரம் வரிசையாய் நிறுத்தியிருக்கிறோம்.

திரும்பிப் பாருங்கள் அண்ணே. நாற்பதிலும் சிவப்புக் குறி.

இப்படிக்கு,
அலுவலகத்துத் தங்கை முதல் கையெழுத்தாக,
வெட்டும் பிரிவு, துளை போடும் பிரிவு, கட்டி அனுப்பும் பிரிவுத் தொழிலாளர்கள் நாற்பது பேர்