சரிவின் அடியில் ஒரு கிணறு

எங்கள் ஊரில் எல்லோருக்கும் என் தொலைபேசி எண் மனப்பாடம். பனி விழுந்தால் காலை ஐந்தரைக்கே கூப்பிடுவார்கள். பள்ளிப் பேருந்து வருவதற்குள் சாலை கறுப்பாகத் தெரிய வேண்டும். அதே ஆட்கள் கோடையில் தூண்டிலோடு வந்து, "ஆல்டர் ஓடையில மீனெல்லாம் எங்க போச்சு, ஹாலிஸ்?" என்பார்கள். பத்தொன்பது குளிர்காலமாக நான் இந்த ஊரின் சாலைக் கண்காணிப்பாளன். உப்பு போட்டால் பனி உருகும். உருகியது எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

சாலைக்கென்று திறந்த வெளியில் கொட்டி வைத்திருக்கும் உப்புக் குவியலுக்கு மேல் கூரை போடலாமா என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டேன். கை தூக்கியவர்கள் நான்கு பேர். ஆரின் டெஃப்ட் தூக்கவில்லை. அவர் வீடு குவியலுக்கு நேர் கீழே, சரிவின் அடியில்; மழையில் கரையும் உப்பு அங்கேதான் இறங்கும். தார்ப்பாயாவது போட்டு மூடியிருக்கலாம். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். நான் மூடவில்லை.

ஆரினுக்கு இதயக் கோளாறு. டாக்டர் உப்பை அடியோடு நிறுத்தியிருந்தார். "முட்டைக்குக்கூட உப்பு கிடையாதுடா. மாட்டுத் தீவனமே தேவலை," என்று சிரிப்பார். ஆனாலும் கால் வீங்கிக்கொண்டே போனது. ஒளித்து வைத்துச் சிப்ஸ் தின்கிறார் என்று அவர் மனைவி வெர்னா அலமாரிகளைச் சோதனை போட்டாள்.

பிறகு ஒருநாள் என்னிடம் வந்தாள். "கிணத்துத் தண்ணி கரிக்குது, ஹாலிஸ். காப்பி வாயில வைக்க முடியல."

நானே மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னேன். குன்றின் மேலிருக்கும் என் வீட்டுக் கிணற்றில் பாட்டிலை நிரப்பி அனுப்பினேன். குறையில்லை என்று முடிவு வந்தது.

"அப்ப என் நாக்குதான் செத்துப்போச்சா?" என்றாள்.

"சந்தேகமா இருந்தா கொதிக்க வெச்சுக் குடிங்க."

கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே இருக்கும். எனக்குத் தெரியும். அவளும் யோசித்திருக்கலாம்.

பிப்ரவரியில் ஆரின் இறந்தார். கடைசி வாரம் படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியிலேயே தூங்கினாராம். "திருட்டுத்தனமா திங்கறேன்னு கடைசி வரைக்கும் அவரைத் திட்டினேனே," என்று வெர்னா என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

ஆமாம், அதிகாரி, தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அடக்கத்தன்று உறைமழை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிவிடும். நானே லாரியை எடுத்துப் போய்த் தேவாலயம் வரை இரண்டு மடங்கு உப்பு போட்டேன். வந்த எண்பது பேரில் ஒருவர் கால்கூட வழுக்கவில்லை. அதற்கு ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.