முதல் கடையின் பை

"அங்கே போனதும் உனக்கு என்ன வாங்கி அனுப்பட்டும்?"

கல்யாணமாகி வெளிநாட்டுக்குக் கிளம்பின அன்றைக்கு, டாக்சி வாசலில் உறுமிக்கொண்டிருந்தபோது அக்கா இப்படிக் கேட்டாள். வீட்டில் தங்கைக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அன்றைக்கும் அவள் உரக்கப் பேசவில்லை. அக்காவின் காதோடு காதாகச் சொன்னாள். எதுவும் வேண்டாம், அந்த ஊரில் நீ முதன்முதலில் எந்தக் கடைக்குப் போகிறாயோ அந்தக் கடைப் பையை மட்டும் அனுப்பு, காலிப் பையாக இருந்தாலும் போதும். அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வண்டியில் ஏறினாள்.

அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து என்னென்னவோ வந்தது. வாசனைச் சோப்பு, பூப்போட்ட குடை, கைக்கடிகாரம். அங்கிருந்து வந்தவர் யாரோ கொடுத்தார் என்று அப்பாதான் கொண்டுவந்து தருவார். எல்லாம் பழைய செய்தித்தாளில் சுற்றியிருக்கும். பை மட்டும் வரவேயில்லை. அக்கா மறந்திருப்பாள் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அன்று மத்தியானம் பின்னறையில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கப்பலில் சமையல் வேலை பார்க்கும் அண்ணன்.

"ஹலோ... அண்ணா! ... ம், ம், கேக்குது, இரைச்சலா இருக்கு... எங்கே? ... அக்கா ஊர்லயா? நெஜமாவா! ... கப்பல் ஏன் அங்க போச்சு? ... ஓ, ரிப்பேரா. நல்லதாப் போச்சு... இல்ல இல்ல, கப்பலுக்கு இல்ல, நமக்கு... எப்ப திரும்பணும்? ... இருட்டுறதுக்குள்ளயா?"

ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அட்ரஸா... என்கிட்ட இல்லண்ணா. அவங்க வீடு மாத்திட்டாங்களே... ஆமா, நம்பரும்தான். அக்காவே கூப்பிடுவா... வீட்டுக்கு இல்ல, அப்பாவோட எடைமேடை ஆபீஸுக்கு. நைட் டூட்டில இருக்கறப்ப. அங்க அப்பதான் அவளுக்குப் பொழுது விடியுமாம்... நானா? ... நான் பேசி ரொம்ப நாளாச்சு. காலைல அப்பா வந்து சொல்வாரு, அக்கா இந்தக் கடைக்குப் போனா, இது வாங்குனான்னு... எழுப்பட்டுமா? தூங்கறாரு... சரி சரி, எழுப்பல. திடீர்னு போய் நின்னு மிரட்டணுமாக்கும்."

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் லாரிகளை எடை போட்டுவிட்டு வரும் அப்பாவுக்கு அந்தச் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வரும்.

"நீ எங்க நிக்கிற? ... மால் வாசல்லயா! அட, அப்ப வந்துட்டண்ணா. சிரிக்காத, எனக்கு அந்த ஊரு தலைகீழ்ப் பாடம். உள்ள போ. ஏழு மாடி, நடுவுல கண்ணாடி லிஃப்ட் இருக்கும். ஆறாவது மாடில வாட்ச் கடை, அங்கதான் எனக்கு வாட்ச் வாங்குனா. அந்தக் கடைக்காரம்மா அக்காவை 'வா மகளே'ன்னுதான் கூப்பிடுவாங்களாம். அவங்கள கேட்டா வீடு எங்கன்னு... என்ன? ... நல்லா எண்ணிப் பாருண்ணா... மூணு மாடிதானா?"

அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அது வேற மாலா இருக்கும்... ஊருக்கே அது ஒண்ணுதானா? யார் சொன்னா? ... காவலாளியா... லிஃப்ட்? ... ஓ... அப்ப பாட்டுக்கு ஆடற நீரூத்து? ... இல்லண்ணா, நான் எதையும் கனவு காணல. அப்பாதான் பெரிசு பண்ணிச் சொல்லியிருப்பாரு. லாரி ஏறினா யானை ஏறுச்சும்பாரே, அவருதானே... ம்... ம்... சரி, அங்கயே விசாரி. நம்ம பாஷைக்காரங்க எங்க சாமான் வாங்குவாங்கன்னு கேளு... பின்னாடி சந்தையா? நடக்கற தூரம்தானே? ... வைக்காதண்ணா. அப்படியே பேசிக்கிட்டே போ."

அண்ணன் நடந்தான். அவனுடைய மூச்சும், யாரோ கூவி விற்கும் குரல்களும், தள்ளுவண்டியின் கடகடப்பும் காதில் விழுந்தன. அப்போது கூடத்து டிவியில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பேசுவதும் தெளிவாகக் கேட்டது. வெளிநாடு போகிறவர்கள் எங்கே என்ன வாங்கலாம் என்று ஊர் ஊராகக் காட்டும் நிகழ்ச்சி. போட்டதையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஏழு மாடியாம். நடுவிலே கண்ணாடி லிஃப்டாம். அதில் ஏறும்போது கீழே நீரூற்று பாட்டுக்கு ஏற்ப ஆடுவது தெரியுமாம். ஆறாவது மாடிக் கடிகாரக் கடையில் ஓர் அம்மா எல்லோரையும் 'வா மகளே' என்றுதான் வரவேற்பாராம். கடைசியில் அந்தப் பெண் ஊரின் பெயரைச் சொன்னாள். அது அக்கா இருக்கும் ஊர் இல்லை. அந்த நாடே இல்லை.

தினமும் அந்த டிவிக்கு முன்னால் படுக்கிற அப்பாவை அவள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"இல்ல... இருக்கேன்... ஒண்ணுமில்லண்ணா, நூல் சிக்கிடுச்சு... அண்ணா, உன்கிட்ட அக்கா கடைசியா எப்ப பேசினா? ... கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு தடவைதானா... ம், கடல்ல சிக்னல் இருக்காது, தெரியும்... நீ சும்மா நட. கேள்வி கேக்காத. சந்தை வந்துடுச்சா? ... ஏன் நின்னுட்ட?"

தள்ளுவண்டியின் கடகடப்பு அவனைத் தாண்டிப் போயிற்று.

"என்ன பெட்டி? ... பழைய சாமான் கடையிலயா... நீலப் பெட்டி ஊருக்கு ஆயிரம் இருக்கும்ணா... கைப்பிடில? ... துணி சுத்தியிருக்கா... பொத்தான் தச்சிருக்கா? ... ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலரா? நடுவுல மஞ்சளா, ஓரத்துல பாதி உடைஞ்சதா?"

விமான நிலையத்தில் பெட்டி மாறிவிடக் கூடாதென்று, மிச்சப் பொத்தான்களை எல்லாம் கோத்து அந்தத் துணியைத் தைத்தவள் அவள்தான். உடைந்ததை மாற்றித் தருகிறேன் என்றபோது, அதுதான் அடையாளம், இருக்கட்டும் என்று சொன்னவள் அக்கா.

"அண்ணா, விலை கேக்காத. யாரு கொடுத்தாங்கன்னு கேளு... கோவப்படாத. கத்தினா கடைக்காரன் வாயே திறக்க மாட்டான். பொறுமையா கேளு... ம்... வீட்டுக்காரரா? ... எந்த வீட்டுக்காரர்? ... வாடகைக்கு விட்டவரா? சரி... குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனதா... ரெண்டு பேருமா? ... முதல்ல போனது அவளா?"

அவள் எழுந்து நின்றாள். மடியிலிருந்த பொத்தான்கள் தரையில் கொட்டி நாலாபக்கமும் உருண்டன.

"ஒரு பையும் எடுக்காமயா? ... செருப்போடவா... அத்தான் தேடலியாமா? ... ரெண்டு நாளு. அப்புறம் வீட்டைக் காலி பண்ணிட்டாரா... எப்ப இதெல்லாம்? ... மழைக்காலத்துலயா... அண்ணா, இப்ப வெயில் கொளுத்துதேண்ணா."

மழைக்காலம். அடுப்படி வாசலில் அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்ற சாயங்காலம் அவளுக்கு ஞாபகம் வந்தது. "பொறுத்துக்க. அவன் கை நீட்டறது புதுசா என்ன? இங்க வந்தா நாலு பேரு என்ன கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தார். யாரப்பா என்று கேட்டதற்கு, ஆபீஸில் ஒருத்தன், வீட்டுச் சண்டை என்றார். அக்காவின் நம்பர் மாறியது அதற்குப் பிறகுதான். அக்கா வாரா வாரம் மாலுக்குப் போக ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

"பெட்டியைத் திறந்து பாரு... காலியா? ஓரத்துல ஜிப் வச்ச உறை இருக்கும், கையை விட்டுப் பாரு... ம்? ... என்ன பை? ... பிளாஸ்டிக்கா, நாலா மடிச்சிருக்கா... என்ன கடை? ... காய்கறிக் கடையா... அதே சந்தையிலயா? மாலு இல்லியே... பேனால ஏதோ எழுதியிருக்கா? படிண்ணா... எழுத்துக் கூட்டியாவது படி..."

அண்ணன் படித்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ம்... ஆமா. அது எனக்குத்தான். ஊமைக்கோட்டான்னா நான்தானே... நான் கேட்டேன். முதல் கடைப் பை. அவ மறக்கல..."

டிவி நின்றது.

வீடு திடீரென்று காலியானது போலிருந்தது. அறை வாசலில் அப்பா, ரிமோட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறாரோ.

"ஆமாண்ணா... நல்ல பைண்ணா... வெலை ஜாஸ்தின்னா விட்டுடு. எனக்கு அங்கேயிருந்து எதுவும் வேணாம்... ம், எழுந்துட்டாரு... நல்லா இருக்காரு... இல்ல, அவருகிட்ட குடுக்க வேண்டிய..."

அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவள் வழக்கம்போல் தலையைக் குனிந்திருப்பாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம். வைக்காத. நீயும் கேளு."

போனைக் காதிலிருந்து எடுத்து முன்னால் நீட்டினாள். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில் கேட்டாள்.

"அப்பா, அண்ணன் அக்கா ஊர்ல நிக்கிறான். அக்கா பெட்டி சந்தையில விலைக்குக் கிடக்கு. அக்கா உங்ககிட்ட கடைசியா எப்பப்பா பேசினா?"

அப்பா போனைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் போனை மறுபடி காதில் வைத்தாள்.

"அண்ணா... கேட்டியா... அழாதண்ணா, அப்புறம் அழலாம். இப்ப போலீஸ் ஸ்டேஷன் எங்கன்னு கேளு. பெட்டியை வாங்கிக்க, பொத்தான் துணியைக் கழட்டாத. வீட்டுக்காரர் யாருன்னு கடைக்காரன்கிட்டயே கேளு... கப்பல் போனா போகட்டும்... நீ போயிட்டா அந்த ஊர்ல அவளத் தேட யாருண்ணா இருக்கா? ... ஆமா... ஆமா... ஹலோ? ... அண்ணா? ... ஹலோ?"

லைன் அறுந்துவிட்டது.

அப்பா ஆணியில் தொங்கிய சட்டையை எடுக்கவில்லை. தரையில் கிடந்த பொத்தான்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய், வாசலில் செருப்பை மாட்டினார். ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே, வெயிலில் இறங்கித் தெருவோடு நடந்தார்.